எஞ்சின் ஆயில்: விளக்கெண்ணெயில் இருந்து சிந்தெட்டிக் வரை

2009 மே மாதம். நாக்பூரில் மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் எங்கேயோ போய்விட்டது. "காரிலேயே போயிடலாம், என்ன பெரிய தூரம்" என்று வீரம் பேசி, குர்காவுனில் இருந்து அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, மாமியார், நாலு வயசுப் பையன். ஆக்ரா தாண்டி, தோல்பூர் தாண்டி, மொரேனா வரும்போது டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய விளக்கெண்ணெய்ச் சொம்பு மாதிரி ஒரு படம், மூக்கில் இருந்து ஒரு சொட்டு.

"அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினேன். நாலு கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது. கட கட என்று ஒரு சத்தம், பிறகு கிறீச் என்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. 45 டிகிரி வெயிலில், நெடுஞ்சாலை ஓரத்தில், பட்டுப்புடவை மூட்டையோடு மாமியார்.

கட்டி இழுத்துக்கொண்டு போன இடத்தில் இருந்த வயதான மிஸ்திரி செய்த முதல் வேலை, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தது. நுனியில் ஈரமே இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இந்தி தெரிய வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். ஒரு வாரம் முன்பு சர்வீஸ் விட்டபோது டிரெயின் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள். சொட்டுச் சொட்டாக ஒரு வாரம் ஒழுகியிருக்கிறது. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் என் கார் நிற்கும் இடத்தில் கருப்பாக ஒரு திட்டை நானே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஒழுகுது போல என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் வேலைக்கு 28,000 ரூபாய். கிரகப்பிரவேசம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மச்சினன் இன்று வரை சொல்லிக் காட்டுகிறான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் கும்பகோணத்தில் முப்பது வருஷம் அம்பாசிடர் வாடகைக்கு ஓட்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கிளம்பறப்ப ஆயில் பாத்தியாடா?"

"இல்லப்பா."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அப்பாவுக்கு ஆயில் விஷயத்தில் மூன்று பழக்கங்கள் உண்டு. ஒன்று, 3000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு, ஆயில் கெட்டியாக இருந்தால்தான் எஞ்சினுக்கு நல்லது. மூன்று, தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன், கிழிந்த பனியன் துணியால் டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பார்ப்பது. முதல் இரண்டை நானும் வேத வாக்காக எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவதைத் தான் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டேன். பிற்பாடு கொஞ்சம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. விட்டிருக்க வேண்டியது முதல் இரண்டை. வைத்திருக்க வேண்டியது மூன்றாவதை!

ஏன் என்று புரிய, நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

வண்டி மையும் விளக்கெண்ணெயும்

எங்கள் தாத்தாவின் மாட்டு வண்டிக்கும் ஆயில் உண்டு. வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெயைக் குழைத்து வண்டி மை. அச்சாணியும் சக்கரமும் உரசும் இடத்தில் அதைத் தடவுவார்கள். தத்துவம் இன்றைக்கும் அதேதான். இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவில் வழுக்கலாக ஏதாவது இருக்க வேண்டும்.

மாட்டு வண்டிச் சக்கரம் ஆற அமரச் சுற்றும். கார் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் சாதாரணமாக ஓடும்போதே நிமிஷத்துக்கு 3000 சுற்று, அதாவது கண் சிமிட்டும் ஒரு விநாடிக்குள் 50 சுற்று. அதற்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அந்தப் படலம் உடைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி, சூடேறி, ஒட்டிக்கொள்ளும். "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்கிறோமே, அதுதான். மொரேனாவில் எனக்கு நடந்ததும் அதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின்களுக்கு மிருகக் கொழுப்பைத்தான் ஊற்றினார்கள். சூட்டில் அது சீக்கிரம் கெட்டுப் போகும். அமெரிக்காவில் ஜான் எல்லிஸ் என்ற டாக்டர், மண்ணெண்ணெய்க் கிணற்றுக் கச்சா எண்ணெயில் மருந்து ஏதாவது எடுக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்து கிடைக்கவில்லை, ஆனால் சூட்டைத் தாங்கும் நல்ல மசகு எண்ணெய் கிடைத்தது. 1866-ல் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் பிறகு வால்வொலின் ஆனது.

கார் வந்த பிறகும் நம்ம விளக்கெண்ணெய்க்கு ஒரு பொற்காலம் இருந்தது. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899-ல் தொடங்கிய கம்பெனி, 1909-ல் ஆமணக்கு எண்ணெய் கலந்த மோட்டார் ஆயில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் கேஸ்டர் இல்லையா, அதில் இருந்து வைத்த பெயர்தான் கேஸ்ட்ரால். முதல் உலகப் போர் விமானங்களின் சுழலும் எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பது அதற்கு ஒரு காரணம். எரிந்தது போக மிச்சம் புகையாக விமானி முகத்திலேயே அடிக்கும். விளக்கெண்ணெய் உள்ளே போனால் என்ன ஆகும் என்று நம்ம பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். பாவம், அந்த விமானிகள் :-)

ஆனால் விளக்கெண்ணெய்க்கு ஒரு குறை. சூட்டில் பிசின் மாதிரி ஆகி எஞ்சினுக்குள் ஒட்டிக்கொள்ளும். தினசரி ஓடும் காருக்கு அது ஒத்துவராது. பந்தயக் கார்களோடு அது ஒதுங்கிவிட்டது, பெட்ரோலிய எண்ணெய் ஜெயித்தது.

எண்ணெயை எப்படிப் பார்த்தார்கள்?

அந்தக் கால டிரைவருக்கு ஆயில் என்பது கண் முன்னால் இருந்த பொருள். ஆரம்ப காலக் கார்கள் சிலவற்றில் டாஷ்போர்டிலேயே கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள், ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஆயில் பம்ப்பும் கிடையாது, டிப்ஸ்டிக்கும் கிடையாது. எஞ்சினின் அடியில் மேலும் கீழுமாக இரண்டு குட்டிக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்து எண்ணெய் வந்தால் நிறைய இருக்கிறது. கீழ்க் குழாயைத் திறந்தும் வரவில்லை என்றால் வண்டியை எடுக்கக் கூடாது. இதைப் பார்க்க வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும். அப்படித்தான் நுழைந்து பார்த்தார்கள்.

பிறகு டிப்ஸ்டிக் வந்தது. ஆயிலின் அழுத்தம் காட்டும் முள் வந்தது. அந்த முள்ளை எடுத்துவிட்டு சிவப்பு விளக்கு வைத்தார்கள். இன்று விலை உயர்ந்த சில கார்களில் டிப்ஸ்டிக்கே இல்லை, திரையில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் டிரைவருக்கு வசதி கூடியது. ஒவ்வொரு படியிலும் அவர் கண் எண்ணெயில் இருந்து ஒரு அடி தள்ளிப் போனது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அளவு குறைந்தால் எரிவதில்லை. அழுத்தம் விழுந்தால்தான் எரியும். அதாவது, பம்ப்புக்கு உறிஞ்ச எண்ணெய் கிடைக்காமல் போன பிறகு. பெட்ரோல் விளக்கு எரிந்தால் இன்னும் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டலாம். அந்த நினைப்பில்தான் நானும் ஓட்டினேன். ஆயில் விளக்கு எச்சரிக்கை மணி இல்லை, சாவு மணி. எரிந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும்.

நம்பர் வந்த கதை

ஆரம்பத்தில் லேசான ஆயில், நடுத்தர ஆயில், கெட்டி ஆயில் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்லி விற்றார்கள். 1911-ல் அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் எண்ணெயின் பாகுத்தன்மைக்கு ஒரு தர வரிசை போட்டது. அதில் வந்தவைதான் 20, 30, 40, 50 நம்பர்கள். அப்பா கடையில் போய் "நாப்பது நம்பர் குடுங்க" என்று கேட்டது இதைத்தான்.

ஒற்றை நம்பர் ஆயிலில் ஒரு சிக்கல். நெய் மாதிரிதான் எண்ணெயும், குளிரில் இறுகும், சூட்டில் இளகும். கும்பகோணத்தில் மார்கழியில் கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாது, அதனால் அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. தில்லியில் ஜனவரி காலை 4 டிகிரி, ஜூன் மதியம் 45 டிகிரி. குளிர் நாட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்கு ஒரு ஆயில், வெயில் காலத்துக்கு ஒரு ஆயில் என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எந்த எண்ணெய் சூட்டில் எவ்வளவு இளகுகிறது என்று அளக்க 1929-ல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு குறியீடு வகுத்தார்கள். நன்றாகத் தாக்குப்பிடித்த பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மார்க், மோசமான மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 மார்க். இன்றைய நல்ல ஆயில்கள் எல்லாம் சர்வ சாதாரணமாக 100-ஐத் தாண்டுகின்றன.

1950-களில் மல்டிகிரேடு பரவியது. சூட்டில் விரிந்து எண்ணெயை ரொம்ப இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும் பாலிமர்களைக் கலந்தார்கள். 20டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருந்தால், டபிள்யூ என்பது விண்டர், குளிர்காலம். குளிரில் 20 நம்பர் குளிர்கால ஆயில் மாதிரி ஓடும், எஞ்சின் சூடான பிறகு 40 நம்பர் மாதிரி நிற்கும். முதல் எண் எவ்வளவு சின்னதோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் மேலே ஏறும். எஞ்சின் தேய்வதில் பெரும்பங்கு அந்த முதல் சில நொடிகளில்தான்.

கருப்பு ஆயில் கெட்ட ஆயிலா?

"ஆயில் கருத்துடுச்சு சார், மாத்திடலாம்" என்று எந்த ஊர் மெக்கானிக்கும் சொல்வார். இந்த பயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1930-களில் அமெரிக்காவில் கேட்டர்பில்லர் கம்பெனியின் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. அதைத் தீர்க்கத்தான் எண்ணெயில் டிடர்ஜெண்ட் சேர்த்தார்கள். ஆமாம், துணி சோப்பு மாதிரியே. அது கரியை உலோகத்தில் ஒட்டவிடாமல் எண்ணெயோடு மிதக்க வைக்கும். அழுக்கு பிஸ்டனில் இருந்தால் ஆபத்து, எண்ணெயில் இருந்தால் ஆயில் மாற்றும்போது வெளியே போய்விடும். டீசல் காரில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கருப்பாவது அது வேலை செய்வதற்கு அடையாளம். நிறத்தை வைத்து ஆயிலைக் கணிக்க முடியாது.

1940-களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் வந்தது. எண்ணெய் கெடாமல் இருக்கத்தான் முதலில் சேர்த்தார்கள். எண்ணெய்ப் படலம் மெலிகிற இடத்தில் உலோகத்தின் மேல் ஒரு கவசம் மாதிரி படிகிறது என்று பிறகு தெரிந்தது. இன்றும் ஏறத்தாழ எல்லா எஞ்சின் ஆயிலிலும் அது இருக்கிறது. இப்படிப் பார்த்துப் பார்த்துக் கலந்த பண்டத்தில், கடைக்காரர் பேச்சைக் கேட்டு இன்னொரு பாட்டில் "எஞ்சின் டானிக்" ஊற்றுவது, நல்ல ரசத்தில் ஒரு கரண்டி சாம்பார் பொடி போடுவது மாதிரி.

நம் நாட்டில்

நமக்கு ஆயில் விற்றவர்கள் முதலில் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனிகள். 1970-களில் இவை அரசுடைமை ஆயின. எஸ்ஸோ 1974-ல் இந்துஸ்தான் பெட்ரோலியமாக மாறியது, 1976-ல் கையகப்படுத்திய பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியம் ஆனது. இந்தியன் ஆயில் 1972-ல் சர்வோ என்ற பெயரில் தன் ஆயிலைக் கொண்டுவந்தது. அதே 1972-ல் ஃபரீதாபாத்தில், என் வீட்டில் இருந்து ஒரு மணி நேர தூரத்தில், அதன் ஆராய்ச்சி மையமும் தொடங்கியது. நம்ம பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1969-ல் ஓடத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையின் தயாரிப்புகளில், மசகு ஆயிலுக்கு மூலமான அடிப்படை எண்ணெயும் ஒன்று.

அந்தக் காலத்தில் ரோட்டில் ஓடியவை அம்பாசிடரும் ஃபியட்டும். இரண்டும் 1950-களின் ஐரோப்பிய வடிவமைப்பு. கார்புரேட்டர், காலையில் சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். சோக்கில் பெட்ரோல் அதிகமாகப் போய், எரியாத மிச்சம் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கி அதை நீர்க்க வைக்கும். டீசலில் கந்தகம் ஏராளம். அது எரிந்து அமிலமாகி ஆயிலைக் கெடுக்கும். ரோடெல்லாம் புழுதி. தேய்ந்த எஞ்சினை ரீபோர் செய்து ரீபோர் செய்து ஓட்டுவார்கள், இடைவெளி கூடக் கூடக் கெட்டி ஆயில்தான் நிற்கும். வண்டிக்கு அடியில் ஒரு தகர டப்பா வைத்தால் காலையில் கால் டப்பா ஒழுகியிருக்கும்.

இப்போது அப்பாவின் மூன்று பழக்கங்களையும் பாருங்கள். 3000 கிலோமீட்டருக்கு மாற்றியது அமிலத்துக்கும் பெட்ரோல் கலப்புக்கும் பயந்து. கெட்டி ஆயில் போட்டது தேய்ந்த எஞ்சினுக்காக. தினமும் அளவு பார்த்தது ஒழுகும் எஞ்சினுக்காக. எதுவுமே மூட நம்பிக்கை இல்லை. அவர் எஞ்சினுக்கு அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

எஞ்சின் மாறியது, நாம் மாறவில்லை

1983 டிசம்பரில் குர்காவுன் தொழிற்சாலையில் இருந்து மாருதி 800 வந்தது. சின்ன எஞ்சின், நெருக்கமான இடைவெளிகள். 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன் வந்தது, சோக்குக்கு வேலை போனது. கந்தகமும் குறைந்துகொண்டே வந்தது. பாரத் ஸ்டேஜ் நான்கில் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த அளவு, 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த ஆறாவது ஸ்டேஜில் 10 பங்காகிவிட்டது.

ஆயிலும் மாறியது. 1970-களில் அமெரிக்காவில் சிந்தெட்டிக் ஆயில்கள் கார்களுக்கு வந்தன. 1974-ல் வந்த மொபில் 1 அதில் பிரபலமானது. ஆயிலின் தரத்துக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. தரும் எழுத்துகளும் எஸ்.ஏ., எஸ்.பி. என்று ஆரம்பித்து ஏறிக்கொண்டே போயின. எஸ்.ஏ. என்பது சேர்மானம் எதுவும் இல்லாத வெறும் எண்ணெய். இரண்டாவதாக வந்த ஆங்கில "பி" வேறு, 2020-ல் வந்த "பி" வேறு. பின்னதுக்கு முன் பன்னிரண்டு தர எழுத்துகள் இருக்கின்றன. சின்ன டர்போ எஞ்சின்களில் பெட்ரோல் நேரம் தவறித் தானே பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறுக்கு எதிராகவே அந்தத் தரத்தில் சோதனை வைத்திருக்கிறார்கள்.

இதன் விளைவு, இன்று நிறைய கார்களுக்குக் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. நம்பரும் இளைத்துவிட்டது. 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 எல்லாம் வந்தாயிற்று. "இவ்வளவு தண்ணியா இருக்கே" என்று பயந்து 20டபிள்யூ-50 ஊற்றினால் என்ன? எஞ்சின் சூட்டில் 50 நம்பர் ஆயில், 20 நம்பரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. இன்றைய எஞ்சினில் வால்வு நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான், அதற்கான துவாரங்கள் மெல்லியவை. கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேர நேரமாகும். மைலேஜும் குறையும்.

அதற்காக, மாற்றாமலே ஓட்டலாம் என்றும் இல்லை. 1997 முதல் 2002 வரையிலான சில டொயோட்டா எஞ்சின்களில் ஆயில் தார் மாதிரி கட்டியாகி வழிகளை அடைத்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 33 லட்சம் கார்கள் அந்த வகையில் இருந்தன. ஒழுங்காக ஆயில் மாற்றாததுதான் காரணம் என்றது கம்பெனி, எஞ்சின்தான் காரணம் என்றார்கள் வாங்கியவர்கள். கடைசியில் கம்பெனி எட்டு வருஷத்துக்கு அந்தக் கோளாறுக்குப் பொறுப்பேற்றது. அவ்வளவு பேர் பெற்ற கம்பெனிக்கே அந்தக் கதி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தில்லியோ, மும்பையோ, பெங்களூரோ, நம்மில் பலர் காரை எடுப்பது பையனை ஸ்கூலில் விட, காய்கறி வாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போக. அந்த ஓட்டத்துக்கே உரிய தொல்லைகள் சில:

1. மூடிக்கு அடியில் வெள்ளை வெண்ணெய்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. பெரும்பகுதி சைலென்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கும். குளிர்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அது ஆவியாக நேரமில்லாமல் ஆயிலோடு கடைந்து வெண்ணெய் ஆகும். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் சரியாகிவிடும். கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

2. நீலப் புகை: ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஓடும்போதும் வந்தால் ரிங்.

3. அளவு ஏறுவது: பெட்டி நிறைய பணம் மாதிரி சந்தோஷப்பட வேண்டாம். 2020-க்குப் பிந்தைய டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும். அது பாதியில் நின்று நின்று போனால் டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துவிட்டது, மாற்ற வேண்டும்.

4. தரையில் திட்டு: பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படும் முன் ஒரு அட்டையை உங்கள் காருக்கு அடியில் போடுங்கள் :-)

5. போலி ஆயில்: காலி டப்பாவில் பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றி விற்கிறவர்கள் உண்டு. சர்வீஸ் முடிந்ததும் காலி டப்பாவைக் கேட்டு வாங்கி, ஓட்டை போட்டு அப்புறம் எறியுங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்றும் கேளுங்கள். சில ரூபாய்ச் சாமான். என் 28,000 போன இடம் அது.

6. ஓட்டம் குறைவு என்று ஆயிலை இரண்டு வருஷம் விடாதீர்கள். சும்மா நின்றாலும் அது பழசாகும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் ஆனால் மாற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேல், அளவு பார்ப்பது. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்துவிட்டு மறுபடி முழுக்கச் சொருகி எடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். பல கார்களில் அந்த இரண்டு கோட்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர். குறைந்தால் கையேட்டில் போட்ட நம்பரையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், அதுவும் கெடுதல். மொத்தம் இரண்டு நிமிஷ வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை போதும். நீண்ட பயணத்துக்கு முன் கட்டாயம்.

ஆயில் எவ்வளவோ முன்னேறிவிட்டது. மாருதிக்கு முந்தைய டிரைவர் இன்றைய ஆயிலைப் பார்த்தால் அமிர்தம் என்பார். ஆனால் அமிர்தமானாலும் பாத்திரத்தில் இருந்தால்தானே? விளக்கெண்ணெய் ஊற்றிய காலத்திலும் சரி, சிந்தெட்டிக் காலத்திலும் சரி, இல்லாத எண்ணெய் எஞ்சினைக் காப்பாற்றியதில்லை.

அன்று நாலு வயசில் மொரேனா ரோட்டோரம் அழுத பையன் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். அவன் வாங்கப் போவது மின்சாரக் காராகக் கூட இருக்கலாம், அதில் எஞ்சினும் இல்லை, எஞ்சின் ஆயிலும் இல்லை. இருந்தாலும் கிளட்ச்சைச் சொல்லித் தரும் முன், பானட்டைத் திறந்து மஞ்சள் பிடி எது என்று காட்டினேன். கையில் ஒரு கிழிந்த பனியன் துணியும் கொடுத்தேன். "இதுக்கு டிஷ்யூ பேப்பர் போதாதாப்பா?" என்றான். போதாது, பேப்பர் நார் ஒட்டும் என்றேன்.

அப்பா இன்றும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் முதலில் பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போதெல்லாம் "பாத்தாச்சுப்பா" என்று பொய் இல்லாமல் சொல்ல முடிகிறது.